கதை என்னும் மருந்து

கனடா நாட்டின் பேரேரிகளை அடுத்து வாழும் தொல்குடியினருள் ஒரு சாரார் அனிஷினாபே மக்கள் ஆவர். பனி பெய்து நிலம் உறையும் காலத்தில் அந்நாட்டில் இரவுகள் நெடியனவாக இருக்கும். அவ்விரவுகளில் முதியோர் கணப்பருகே அமர்ந்து கதை சொல்வர். இளையோர் சூழ்ந்திருந்து கேட்பர். நானபோசோ என்பான் அக்கதைகள் பலவற்றிற்குத் தலைவன். அவன் பேராற்றல் படைத்தவன். எனினும் ஆசையாலும் அவசரத்தாலும் அடிக்கடி இடர்ப்படுபவன். அவன் செய்யும் பிழைகளைக் கேட்டுச் சிறுவர் நகைப்பர். நகைத்தவாறே நன்னெறியும் அறிவர். இக்கதைகளைப் பனிக்காலத்தில் அன்றிப் பிற காலத்தில் சொல்லுதல் ஆகாது என்பது அவர்தம் மரபு. கதைக்கும் ஒரு பருவம் உண்டு என்று அம்மக்கள் கருதினர்.

இத்தகைய கணப்பினின்றும் குழந்தைகளைப் பிரித்த கொடுமை ஒன்று அந்நாட்டில் நிகழ்ந்தது. 1883 முதல் கனடா அரசாங்கம் கிறித்தவச் சபைகளின் துணையோடு விடுதிப் பள்ளிகளை நடத்தத் தொடங்கிற்று. தொல்குடிச் சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்தம் மொழியையும் வழக்கங்களையும் மறக்கச் செய்தலே அப்பள்ளிகளின் நோக்கம். பிள்ளைகளை அனுப்பியே தீரவேண்டும் என்று 1920-இல் சட்டமும் வலியுறுத்தப்பட்டது. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் இப்பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் ஒறுக்கப்பட்டனர். நோயாலும் பேணுவார் இன்மையாலும் மாண்டவர் பலர். மாண்டோராகப் பதிவு செய்யப்பட்டோர் மட்டுமே 4,000-க்கும் மேற்பட்டவர். எஞ்சிய பள்ளிகள் 1990-களில்தான் மூடப்பட்டன.

பிழைத்து மீண்டவர்களும் முழுமையாக மீண்டார்களா? இல்லை. பாட்டிக்குக் கதை தெரியும். பேரனுக்கோ அவள் மொழி தெரியாது. பெற்றோரின் அன்பைக் காணாது வளர்ந்த பலர், தாமே பெற்றோரானபோது அன்பு காட்டும் வகை அறியாது திகைத்தனர். பட்ட துன்பத்தை வெளியே சொல்ல நாணி, வாய் மூடியிருந்தனர். சிலர் துயரை மறக்க மதுவை நாடினர். தந்தை ஏன் பேசுவதில்லை, தாய் ஏன் நள்ளிரவில் அழுகிறாள் என்பதை அவர்தம் மக்கள் அறியார். காரணம் அறியாத துயரமே அம்மக்களுக்குத் தாயப்பொருள் ஆயிற்று. ஒரு தலைமுறையின் புண் மறு தலைமுறைக்கு வந்த வழி இதுவே.

இப்புண்ணுக்கு மருந்து தேடியவருள் ஒருவர் பசில் ஜான்ஸ்டன் என்னும் அனிஷினாபே எழுத்தாளர். 1929-இல் பிறந்த இவர், பத்து வயதில் ஸ்பானிஷ் என்னும் ஊரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் இவர் தம் குலத்து முதியோரை அணுகிக் கதைகளைக் கேட்டறிந்து நூல்களாக எழுதினார்; தம் மொழியை இளையோர்க்குக் கற்பித்தார். 1988-இல் தம் பள்ளி வாழ்க்கையைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார். பசியையும் தனிமையையும் கூறும் அந்நூலில் சிறுவர்தம் குறும்பும் நகையும் நிறைந்துள்ளன. ஆயின் தமக்கு அங்கே நேர்ந்த பெருங்கொடுமை ஒன்றை அவர் அதில் கூறவில்லை. 2007-இல் வெளிவந்த வேறொரு நூலின் முன்னுரையில்தான் அதனை வெளியிட்டார். அப்போது அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். நானபோசோவின் கதைக்குப் பருவம் உண்டு என்றோம். நெஞ்சின் துயரைச் சொல்வதற்கும் பருவம் உண்டு. அதனை வலிந்து பறித்தல் ஆகாது. காத்திருந்து பெறுதல் வேண்டும்.

2008-இல் கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் தொல்குடியினரிடம் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டிலேயே உண்மையறியும் ஆணையம் ஒன்றும் அமைந்தது. அனிஷினாபே குலத்தவராகிய மரே சின்க்ளேர் என்னும் நீதிபதி பின்னர் அதன் தலைமையை ஏற்றார். 2015 வரை நடந்த அவ்வாணையத்தின்முன் 6,000-க்கும் மேற்பட்டோர் தம் வரலாற்றைச் சொன்னார்கள். குறுக்கு வினா எழுப்பி அவர்களை மடக்குவார் அங்கு இல்லை. மக்களும் பேரரும் அவையில் அமர்ந்து கேட்டனர். தந்தையின் மௌனத்திற்குக் காரணம் இன்னதென்று அன்றுதான் அறிந்த பிள்ளைகள் பலர். சொன்னவரும் கேட்டவரும் கண்ணீர் துடைத்த தாள்களைக்கூட எறிந்துவிடாமல் திரட்டி, தம் மரபின்படி வளர்த்த புனிதத் தீயில் இட்டனர்.

கதை ஒன்றே எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று எண்ணுதல் பிழை. அழிந்த மொழியை மீட்கப் பள்ளி வேண்டும். இழைத்த தீங்கிற்கு நீதி வேண்டும். ஆதலின் அவ்வாணையம் செய்யத்தக்கன இவை என 94 பரிந்துரைகளை வகுத்தது. எனினும் புண் இருக்குமிடம் தெரிந்த பின்னரன்றோ மருந்திட இயலும்? அதனைத் தெரிவிப்பது கதையே.

மாணவர்களே! சொல்லுதல் ஒருவர் செயல். ஆற்றுதல் இருவர் செயல். சொல்பவர் துணிவோடு சொல்லவும், கேட்பவர் இடைமறியாது கேட்கவும் வேண்டும். துயருற்ற ஒருவர் உங்களிடம் வாய் திறப்பாராயின், அறிவுரை கூற விரையாதீர்கள். அருகே அமர்ந்து, அவர் முடிக்கும்வரை கேளுங்கள். அங்ஙனம் கேட்பதும் ஓர் அறமே.