வரியும் வாக்கும்

இரத்தினபுரிக் கடைத்தெருவில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும், அதன் விலைக்குள் அரசுக்குச் சேரும் வரி இருக்கிறது. அதை விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு? வரலாற்றுப் பாடத்தில் நாம் மனனம் செய்யும் பல ஆண்டுகள் இந்த ஒரு கேள்வியால் வந்தவைதாம்.

இங்கிலாந்தில் 1625இல் அரியணை ஏறிய முதலாம் சார்ள்ஸ், தம் அதிகாரம் இறைவன் தந்தது, அதைக் கேள்வி கேட்க எவராலும் முடியாது என நம்பினார். பாராளுமன்றத்தின் சம்மதமின்றி வரி அறவிடலாகாது என 1628இல் அங்கத்தினர்கள் உரிமை மனுவை முன்வைத்தனர். மன்னர் அதை ஏற்றார். ஆனால் மறு ஆண்டே பாராளுமன்றத்தைக் கலைத்து, பதினொரு ஆண்டுகள் தனித்து ஆண்டார். கரையோரப் பகுதிகளுக்குரிய கப்பல் வரியை உள்நாட்டவரிடமும் கேட்டார். ஜோன் ஹம்டன் என்பவர் கட்ட மறுத்து வழக்காடித் தோற்றார். ஆயினும் ஸ்கொட்லாந்துப் போருக்குப் பணம் தேவைப்பட்டபோது, 1640இல் மன்னரே பாராளுமன்றத்தைக் கூட்ட நேர்ந்தது. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். பாராளுமன்றம் சம்மதிக்காத வரி சட்டவிரோதம் என்பதை 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் உறுதி செய்தது.

தம் நாட்டில் வென்ற இந்த உரிமையை ஆங்கிலேயர் நமக்குத் தந்தார்களா?

1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்துடன் சபரகமுவ உள்ளிட்ட கண்டி இராச்சியத்தின் அரச வருமானம் பிரித்தானிய முடிக்குச் சென்றது. 1833இல் சட்டநிரூபண சபை அமைந்தபோதும் அதில் உத்தியோகத்தர்களே பெரும்பான்மை. மற்றவர்களும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவர்களே. கோப்பி விலை வீழ்ந்து திறைசேரி வறண்டதும், 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கி, நாய், கடை, படகு எல்லாவற்றுக்கும் வரி விதித்தார். ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும். மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இராணுவச் சட்டம் வந்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த அடக்குமுறையை இலண்டன் பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவி நீங்கினார்.

1864இல் சபையின் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தினர்கள், இராணுவச் செலவைத் தம் சம்மதமின்றி இலங்கையின் தலையில் சுமத்தியதை எதிர்த்துப் பதவி துறந்தனர். மறு ஆண்டு இலங்கை லீக் என்ற அமைப்பு உருவாயிற்று.

சுதந்திரத்தின் பின்னும் கேள்வி முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. அவர்கள் பறித்த கொழுந்திலிருந்து வந்த தேயிலை ஏற்றுமதி வரி திறைசேரியை நிரப்பியது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆள் இல்லை. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. நம் ஊரைச் சுற்றியுள்ள லயங்களில் அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்த பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள்.

இன்று நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை, பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்கிறது. ஆகவே சகோதரிகளே, வரவு செலவுத் திட்ட விவாதம் வானொலியில் வரும்போது அலைவரிசையை மாற்றாதீர்கள். பெற்றோருடன் அமர்ந்து கேளுங்கள். சவர்க்காரத்துக்கு நீங்கள் கொடுத்த காசின் கணக்கும் அங்கேதான் பேசப்படுகிறது.