வட்டத்துக்குள் வியன்னா

கேள்வி: 1529 வியன்னா முற்றுகையைக் காட்டும் பழைய மரச்செதுக்கு அச்சுப்படம் ஒன்றைப் பார்த்தேன். நகரம் தட்டுபோல வட்டமாக இருக்கிறது. விமானம் இல்லாத காலத்தில் இப்படி வரைந்தது எப்படி?

பதில்: கோபுரத்தில் ஏறி நின்று வரைந்தார்கள். வட்டத்தின் நடுவில் நிற்கும் புனித ஸ்டீபன் தேவாலயத்தைப் பாருங்கள். அதன் உச்சியில் நின்று ஒரு முழுச் சுற்று திரும்பினால் கண்ணில் படுவதுதான் அந்தப் படம். விளிம்பில் தெரிவது தொடுவானம்.

ஓட்டோமான் சுல்தான் சுலைமானின் படை செப்டம்பர் கடைசியில் நகரைச் சூழ்ந்தது; அக்டோபர் நடுவில் திரும்பிப் போனது. அடைமழையில் பெரிய பீரங்கிகளைக் கொண்டுவர முடியாமல் போனதால், மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். இந்தப் படத்தை வெளியிட்ட நூரம்பெர்க் நகரப் பதிப்பாளர் நிக்லாஸ் மெல்டமான், முற்றுகை முடிந்ததும் வியன்னாவுக்கே போனார். முற்றுகை நடந்தபோதே கோபுரத்திலிருந்து வரையப்பட்ட சித்திரம் ஒன்று அங்கே அவர் கைக்கு வந்தது. வரைந்தவரைப் புகழ்பெற்ற ஓவியர் என்கிறாரே தவிர, பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. உயிரைப் பணயம் வைத்து வரைந்தவர் அவரல்லவா!

1530இல் படம் வெளிவந்தது. ஆறு மரக்கட்டைகள், தாள்களை ஒட்டினால் அகலம் 80 சென்டிமீட்டரைத் தாண்டும். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் உளியால் தோண்டி எடுத்துவிட்டுக் கோடுகளை மட்டும் மேடாக நிறுத்துவதுதான் மரச்செதுக்கு. மயிரிழை மெல்லிய ஒரு கோட்டுக்காக இரண்டு பக்கமும் செதுக்க வேண்டும். அத்தனை கூடாரங்களையும் குதிரைகளையும் அப்படிச் செதுக்கியவரின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

படம் ஒன்றுதான், ஆனால் வெவ்வேறு நாட்களில் நடந்தவை அதில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. மதிலுக்குள் வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். வெற்றிடமாகத் தெரியும் அந்த இடத்தில்தான் காவல் வீரர்களின் நடமாட்டம் தெளிவாகத் தெரிகிறது. கோட்டையை வளைப்பவர் உழிஞை சூடுவார், காப்பவர் நொச்சி சூடுவார் என்பது நம் இலக்கண மரபு. இது முழுக்க நொச்சியின் படம். முற்றுகையிட்டவர்களின் கூடாரங்கள் எவ்வளவு விரிந்து கிடந்தாலும், அவற்றை நாம் பார்ப்பது மதிலுக்கு உள்ளேயிருந்துதான்.