பொங்கல் கால்விரலுக்குப் போகும் வழி

காலை உணவை முடித்து வகுப்புக்கு வரும் மாணவரிடம், "நீ சாப்பிட்ட பொங்கல் கால்விரலுக்கு எப்படிப் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். உணவுக்குழாய், இரைப்பை, குடல் என்று சொல்லிவந்து அங்கேயே நின்றுவிடுவார். செரிமானத்தையும் இரத்த ஓட்டத்தையும் தனித்தனிப் பாடங்களாக நடத்துவதால் வரும் தடுமாற்றம் இது. இரண்டும் சந்திக்கும் இடம் சிறுகுடலின் சுவர்.

அச்சுவரில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயரமுள்ள குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரே அடுக்குச் செல்கள் மூடியிருக்கும்; உள்ளே இரத்தத் தந்துகிகளும் ஒரு நிணநீர்க் குழலும் இருக்கும். குளுக்கோசும் அமினோ அமிலங்களும் தந்துகிகளுக்குள் புகுந்து, கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கும், பின் இதயத்துக்கும் செல்கின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் வழியே சென்று, கழுத்தருகே இரத்தத்தில் கலக்கிறது. கால்விரல் தந்துகிகளில் குளுக்கோசும் ஆக்சிஜனும் செல்களுக்குள் போகின்றன. கார்பன் டை ஆக்சைடு இரத்தத்துக்குத் திரும்புகிறது.

செயல்பாடு

ஒரே அளவில் ஒரு வேட்டித் துண்டும் ஒரு பூத்துவாலைத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நீரில் நனைத்து, தனித்தனிக் குவளைகளில் பிழிந்து, நீரை அளக்கச் சொல்லுங்கள். துவாலையில் கூடுதல் நீர் வருவது ஏன்? அதன் நூல் வளையங்கள் பரப்பை அதிகமாக்குகின்றன, குடலுறிஞ்சிகளும் அப்படியே. ஒரு வேறுபாட்டையும் சொல்லுங்கள்: துவாலை நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், குடலுறிஞ்சி இரத்தத்திடம் ஒப்படைத்துவிடும்.

வகுப்பறைக்கு வெளியே

கொக்கிப்புழு இதே சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைகிறது. நன்றாகச் சாப்பிட்டும் சோர்ந்து, வெளிறி இருக்கும் குழந்தையைச் சோம்பேறி என்று முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டப் பெற்றோரிடம் சொல்லுங்கள். குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாளில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் இரும்பு குடலில் உறிஞ்சப்படுவது குறையும். நெல்லிக்காயும் கொய்யாவும் உறிஞ்சுதலைக் கூட்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 15.09.2022 அன்று, பசுமலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. தட்டில் விழுந்த உணவு இரத்தத்தில் சேர்ந்தால்தான் அந்தக் குழந்தைக்குப் பலன்.

மதிப்பீடாக, பொங்கலின் பயணத்தை வாயிலிருந்து கால்விரல் வரை ஒரே படமாக வரையச் சொல்லுங்கள். குடலிலிருந்து இரத்தத்துக்கு அம்புக்குறி போட்டிருந்தால், பாடம் புரிந்துவிட்டது.