ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

கேள்வி: ஐஈஎல்டிஎஸ் தேர்வுக் கட்டுரையில் இரு தரப்பையும் நியாயமாகத்தான் எழுதுகிறேன். மதிப்பெண் ஏறவில்லையே, ஏன்?
– வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: பட்டிமன்ற நடுவர்போல எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கூடக் கடைசியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்! 'எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்' என்று கேட்டால், முதல் பத்தியிலேயே உங்கள் பக்கம் தெரிய வேண்டும். பாதி உடன்பாடு என்றாலும் சரி, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். உதாரணமாக, மத்திய லண்டனுக்குள் கார் ஓட்ட 2003 முதல் நெரிசல் கட்டணம் வாங்குகிறார்களே, அது சரியா? சரியென்றால், கார்களுக்கு நடுவே சிக்கிய பேருந்தில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைக் காரணத்தோடு எழுதுங்கள். எதிர்வாதத்துக்கு இரண்டு வரி போதும். அதற்கும் பதில் சொல்லிவிடுங்கள். கையில் 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். முதல் 5 நிமிடம் யோசிக்க மட்டும். மனப்பாட வாக்கியங்களா? தேர்வாளர் அவற்றை நிறையப் பார்த்தவர்.