சர்வர் பிறகு வரட்டும்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் ஒலிப்பதிவு, வீடியோ, புகைப்படம் எல்லாவற்றுக்கும் ஒரு டிஜிட்டல் களஞ்சியம் அமைக்கும் பொறுப்பு இந்த வயதிலேயே உன் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். எந்த மென்பொருள் போடலாம் என்று கேட்டிருந்தாய். டீஸ்பேஸே போடு. எம்ஐடி நூலகமும் எச்பி ஆய்வகமும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது, காசில்லாமல் கிடைப்பது. காந்திநகர் இன்ஃப்ளிப்நெட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்கா அதில்தான் ஓடுகிறது. ஆகவே சந்தேகம் கேட்க நம் நாட்டிலேயே ஆள் உண்டு. ஆய்வேடுகளுக்கு அந்த சோத்கங்காவே இருக்கிறது. உன் உழைப்பு முழுவதும் துறை அலமாரிகளில் கிடக்கும் கேசட்டுகளுக்குப் போகட்டும். சர்வரை அடுத்த வருஷமும் வாங்கலாம். பூஞ்சை பிடித்த நாடா அதுவரை காத்திருக்காது.

கேசட்டைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாடா வெளியே தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில், இரு ஓரங்களிலும் சின்னப் பிளாஸ்டிக் தாழ் இருக்கும். அதை உடைத்துவிடு. அப்புறம் யார் கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாலும் பழைய பதிவு அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதே. அடுத்து வரும் நாடாக்களுக்கும் அது தொற்றும். நல்ல நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் பாடவிடு. குரல் மந்தமாகக் கேட்டால் நாடாவைக் குறை சொல்ல வேண்டாம். ஹெட்டின் சாய்வைத் திருத்த ஒரு சிறு திருகு உண்டு. உச்ச ஒலிகள் தெளியும்வரை அதை மெல்லத் திருப்பு. ஒரு மணிநேரக் கேசட்டுக்கு ஒரு மணிநேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஆள் பலம் கேட்கும்போது நிர்வாகத்திடம் இதைத் தெளிவாகச் சொல்.

மூலப்பிரதியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக வை. ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். 500 கேசட் என்றாலும் ஒரு டெராபைட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு அதிலிருந்து எம்பி3 எடுத்துக் கொடு. மூலத்தை எம்பி3யாகவே வைத்து இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஒருமுறை நறுக்கிய ஒலி திரும்பி வராது, இன்னொரு முறை பாடவிட அந்த நாடாவும் இருக்காது.

இனித்தான் முக்கியமான விஷயம். ஒரு கேசட்டின் மேல் 'வில்லுப்பாட்டு - 3' என்று மட்டும் எழுதியிருக்கிறது என்று வை. எந்த ஊர்? எந்தக் கோயில் கொடை? பாடிய புலவர் யார்? உடுக்கை அடித்தவர் யார்? குடம் அடித்தவர் யார்? பதிவின் விவரங்களைக் குறிக்க டப்ளின் கோர் என்ற முறை 15 புலங்கள் தருகிறது. அதில் நிரப்ப உன்னிடம் ஒரே ஒரு தலைப்புதான் இருக்கிறது. மீதி விவரம், அன்று தோளில் ரெக்கார்டரை மாட்டிக்கொண்டு போன பேராசிரியரின் நினைவில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்று எங்கோ இருப்பார். எம்பி3யைப் போனில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டுக் காட்டு. பாட்டு காதில் விழுந்ததும் ஊர் பேரும் ஆள் பேரும் தானாக வரும். அவர் சொல்வதையும் பதிவு செய். களஞ்சியம் கட்டுவதில் எனக்கு ஆகப் பெரிய அவசரமாகத் தெரிவது இதுதான்.

விவரங்களை யூனிகோடில் எழுது. துறையின் பழைய பட்டியல் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிட்டு, ஒருமுறை கண்ணால் படித்துப் பார். நெல்லை, திருநெல்வேலி, டின்னவேலி மூன்றும் ஒரே ஊர் என்று தேடுபொறிக்குத் தெரியாது. ஒரு வடிவத்தை நிலைப்படுத்தி மற்றதை மாற்றுப்பெயராகச் சேர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சேர்ந்து போயின. ஈழத்து எழுத்துகளைத் திரட்ட 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் அருமை இதை நினைத்தால் புரியும். ஆகையால் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எடுத்துவைத்து, குறித்த காலத்தில் ஒப்பிட்டுப் பார். கோப்பு கெட்டால் அப்போதே தெரியும்.

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடத் துடிப்பாய். பொறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்கென்று தனி உரிமை உண்டு. நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டு முதல் 50 ஆண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் புலவர் ஆராய்ச்சிக்கென்று பாடிக்கொடுத்தார். உலகம் முழுக்கக் கேட்கலாமா என்று அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்பதுதான் மரியாதை. கோயிலுக்கு வெளியே பாடக்கூடாது என்று ஊரார் கருதும் பாட்டும் இருக்கும். டீஸ்பேஸில் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக அனுமதி வைக்க முடியும். சிலதை வளாகத்துக்குள் மட்டும் வை, சிலதை மூடியே வை. சம்மதம் கிடைத்தால் கையெழுத்தோடு வாங்கி, அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து பதிவோடு சேர். போகும்போது ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வா.

ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் பெயரும் ஊரும் துறை அலுவலகத்தில் கிடைக்கும். இந்த வாரமே எழுதி அனுப்பு. தென்காசிப் பக்கம் இருப்பவர்களை நானே போய்ப் பார்த்துப் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை