விசாரணை இல்லாமல் ஒரு வருடமா?

கேள்வி: வழிப்பறி வழக்கில் என் தம்பி சிறையில் இருக்கிறான். ஜாமீன் மனுகூடப் போடவில்லை. அதற்குள் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். குற்றம் நிரூபணமாகாமலே ஒரு வருடம் உள்ளே வைக்கலாமா, ஐயா?
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: வைக்கலாம் அம்மா, சட்டம் இடம் தருகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும் என்று சொல்கிற அரசியலமைப்பின் 22-வது பிரிவே, தடுப்புக்காவல் கைதிக்கு அந்த இரண்டும் இல்லை என்றும் சொல்கிறது. போரோ நெருக்கடியோ இல்லாத காலத்துக்கும் இப்படி எழுதிவைத்தது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. தன் தடுப்புக்காவலை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார், 1950-இல் தோற்றார். 1982-ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் அந்த 22-வது பிரிவின் பலத்தில்தான் நிற்கிறது.

ஆகவே, தம்பி நிரபராதி என்று வாதாடி இந்தக் காவல் ஆணையை உடைப்பது கடினம். ஆணையின் தாள்களைப் பிடியுங்கள். காவலுக்கான காரணங்களை 5 நாளுக்குள் தந்தார்களா? அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் கொடுத்ததா? ஆவணங்கள் தம்பிக்குத் தெரிந்த மொழியில், படிக்கும்படி இருந்தனவா? அரசுக்கு உடனே ஒரு முறையீடு அனுப்புங்கள். அதைக் காரணமில்லாமல் கிடப்பில் போட்டதற்காகவே ரத்தான ஆணைகள் ஏராளம். காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீலை உரிமையாகக் கேட்க முடியாது. வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ துணைக்கு வரலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு பிடி இருக்கிறது. ஏற்கெனவே சிறையில் இருப்பவர்மீது குண்டாஸ் போட வேண்டுமானால், அவர் ஜாமீனில் வெளிவரும் வாய்ப்பு நெருங்கியிருப்பதை அதிகாரி காட்டியாக வேண்டும். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது அந்த வாய்ப்பு எங்கிருந்து வந்தது? ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது இந்தக் கேள்வியில்தான். போலீசாருக்கும் இது தெரியும். 'இதே போன்ற வழக்கில் இன்னாருக்கு ஜாமீன் கிடைத்தது' என்று ஆணையில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த இன்னார் உங்கள் தம்பியின் வழக்கிலேயே உடன் குற்றம் சாட்டப்பட்டவரா, அல்லது சம்பந்தமே இல்லாத வேறு வழக்கில் உள்ளவரா என்று முதலில் பாருங்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவை உங்கள் பெயரிலேயே போடலாம். தாமதிக்காதீர்கள், விசாரணைக்கு வருவதற்குள்ளேயே மாதங்கள் ஓடிவிடும். குண்டாஸ் ரத்தானாலும் வழிப்பறி வழக்கு அப்படியே நிற்கும். அதில் தனியாக ஜாமீன் வாங்கினால்தான் தம்பி வீட்டுக்கு வரலாம்.