உடலில் விளையும் கல்

சேர்வராயன் மலைக்கும் காவிரியாற்றுக்கும் இடையே பரந்து கிடப்பது சேலம், நாமக்கல் சமவெளி. இங்குக் கோடை வெயில் கடுமையானது. பல ஊர்களில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். காய்ச்சிய பாத்திரத்தில் வெண்படலம் படியும். கல்லடைப்பு நோய் கண்டவருள் சிலர், அவ்வுப்பு நீரே உடலிற் கல்லாயிற்று எனக் கருதி, நீர் பருகுவதையே குறைத்துக் கொள்வர். அது நோயை வளர்க்கும் வழியாகும். கல் விளையும் முறை வேறு.

முதுகெலும்பின் இருபுறத்தும் அவரை விதை வடிவில் அமைந்தவை சிறுநீரகங்கள். இவை குருதியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் குருதியிற் சேரும். எஞ்சிய ஒன்றிரண்டு லிட்டரே சிறுநீராக வெளியேறும். கால்சியம், ஆக்சலேட்டு, யூரிக் அமிலம் முதலிய பொருள்கள் அதில் கரைந்திருக்கும்.

கற்கண்டு செய்வோர், செறிந்த சர்க்கரைப் பாகை நூல் கட்டிய கலத்தில் ஊற்றி அசையாது வைப்பர். கரைந்து நிற்கப் போதிய நீர் இன்மையால் சர்க்கரை நூலைப் பற்றிப் படிகமாகும். நாள் செல்லச் செல்லப் பருக்கும். சிறுநீரகத்தில் நிகழ்வதும் இத்தகையதே. வெயிலில் உழைப்பவர் வியர்வையால் நீரை இழப்பர். அதற்கு ஈடாக நீர் பருகாவிடின் சிறுநீர் அளவிற் குறையும். அதிலுள்ள உப்புகளோ குறையா. செறிவு எல்லை கடந்தவிடத்து அவை நுண்ணிய படிகங்களாகப் பிரியும். படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும். இக்கற்களுட் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை.

சிறுநீரகத்தில் தங்கியிருக்கும் கல் பெரும்பாலும் துன்பம் தருவதில்லை. அது குறுகிய சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைக்கும்போதே விலாப்புறத்திலிருந்து அடிவயிறு வரை பொறுக்கலாகா வலி எழும். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தாமே வெளியேறும். பெரிய கற்களை உடலைக் கிழிக்காமல் அதிர்வலைகளால் உடைக்கும் முறை 1980-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதல் கையாளப்பட்டது. வலியோடு காய்ச்சலும் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும்.

ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு உலர்த்துவோரும், நெடுந்தொலைவு லாரி ஓட்டுவோரும், உழவரும் வெயிலிலும் வெப்பத்திலும் பொழுதைக் கழிப்பவர். வழியில் நிறுத்த இயலாது என எண்ணி நீர் பருகாதிருப்போர் உளர். ஒதுங்க இடமின்மையால் தாகத்தை அடக்கும் பெண்டிரும் உளர். பணியிடந்தோறும் குடிநீரும் தூய கழிப்பிடமும் அமைத்தல் இந்நோயைத் தடுக்கும் அறமாகும்.

ஒருமுறை கல் கண்டவர், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவிற்கு நீர் பருக வேண்டும் என்பர் மருத்துவர். இதய நோயோ சிறுநீரகத் தளர்ச்சியோ உடையவர் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்றுதல் வேண்டும். உணவில் உப்பைக் குறைத்தல் நன்று. பாலையும் மோரையும் அஞ்சி விலக்க வேண்டுவதில்லை. அவற்றிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பற்றி வெளியேற்றும். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் சிறுநீரில் சிட்ரேட்டைப் பெருக்கும். அது படிகம் வளர்வதைத் தடுக்கும்.

வெளிறிய சிறுநீர் போதிய நீர் பருகியதற்கு அடையாளம். அடர் மஞ்சளாயின், தாகம் தோன்றும்வரை காத்திராமல் நீர் பருகுதலே அறிவுடைமை.